மூச்சுக்கு ஒரு கட்டை

கீழே டயர்க்கடையில் யாரோ லாரிச் சக்கரம் ஒன்றைச் சம்மட்டியால் மொத்திக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் கதவு தட்டப்பட்டது அவனுக்கு முதலில் கேட்கவில்லை. கேட்டபோதும் தண்ணீர்க் கேன் போடுகிறவர் என்று நினைத்து, "திறந்துதான் இருக்கு, உள்ள வெச்சிட்டுப் போங்க" என்று திரும்பாமலேயே சொன்னான்.

"எதை வெச்சிட்டுப் போறது?"

குரலைக் கேட்டதும் அவன் கை கீபோர்டின் மேல் அப்படியே நின்றுவிட்டது. கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுப் பிரிந்து போனவள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

மெல்லிசைக் குழுக்களில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "கீபோர்டு வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். அவளுக்குப் பட்டம் "அஞ்சரை". அஞ்சரைக் கட்டைச் சுருதியில் மேளமும் கிடாரும் எத்தனை முட்டினாலும் இம்மியும் அசையாமல் நின்று பாடுவாள். ஒரே வேனில் ஊர் ஊராகப் போனார்கள், ஒரே மேடையில் ஏறினார்கள், பிறகு ஒரே வீட்டில் குடித்தனமும் நடத்தினார்கள். பிரிந்ததற்குக் காரணம் கேட்டால் இருவருக்குமே சொல்லத் தெரியாது. அவன் வாயைத் திறக்காத ஆள். மேடையில் அவள் எங்கே இழுப்பாள், எங்கே நிறுத்துவாள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். வீட்டில் அவள் சாப்பிட்டாளா, அழுதாளா என்பது தெரியாது. "சுவத்துகிட்ட பேசினாக்கூட எதிரொலியாவது வரும்" என்று ஒருநாள் சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குப் போனவள்தான். அதன்பின் அவன் மேடையை விட்டுவிட்டு, டயர்க்கடைக்கு மேலே இந்த அறையில் உட்கார்ந்து விளம்பரங்களுக்கு இசை போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தான். அவள் கிடைத்த குழுக்களோடு பாடிக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்துக்கு முன்னால் அவனை 'டா' போட்டுக் கூப்பிட்டவள், கல்யாணத்துக்குப் பிறகு 'என்னங்க' என்றாள். இப்போது எதைச் சொல்வதென்று தெரியாமல் மொட்டையாகவே பேச்சைத் தொடங்கினாள்.

"ஒரு கம்ப்யூட்டர் வாங்கணும். எது நல்லதுன்னு பாத்துச் சொல்லணும்."

"யாருக்கு?"

"எனக்குத்தான். மேடையில வாசிக்கறதுக்கு."

"நீ பாடறவ. உனக்கு எதுக்குக் கம்ப்யூட்டர்?"

அவள் நாற்காலியில் கிடந்த துணிகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள். விழுங்கும்போது வலித்ததாம். வலி காதுவரை இழுத்ததாம். "காது வலின்னு காது டாக்டர்கிட்ட போனேன். அவர் வாயைத் திறக்கச் சொன்னார். அதுலயே எனக்குப் புரிஞ்சு போச்சு" என்று சிரித்தாள். குரல்பெட்டிக்குப் பின்னால் ஒரு குழி இருக்கிறது, அந்தக் குழியில் கட்டி. "கட்டியை மட்டும் எடுக்க முடியாதாம். பெட்டியோட எடுத்தாத்தான் ஆளு தங்குமாம்."

அவனுக்கு ஏதாவது சொல்லவேண்டும் என்று இருந்தது.

"அந்த முகத்தை வெச்சுக்காதீங்க" என்றாள் அவள். "நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. இந்தக் கீபோர்டுக்குள்ள வயலின் இருக்கு, புல்லாங்குழல் இருக்கு. யாரோ ஒருத்தர் ஒவ்வொரு சுரமா வாசிச்சு, அதைப் புடிச்சு வெச்சதுதானே அது?"

"ஆமா."

"அப்போ நானும் உள்ள போய் இருந்துட்டுப் போறேன்."

அவளுக்குச் சின்ன வயதிலேயே ஆர்மோனியப் பழக்கம் உண்டு. விரல் ஓடும். குரலைச் சுரம் சுரமாகப் பதிந்து வைத்துக்கொண்டால், கட்டையை அமுக்கும்போது அவள் குரல் வரும். அதைக் கொண்டு மேடையில் உட்காரலாம் என்பது அவள் கணக்கு. ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்குள் எல்லாம் முடியவேண்டும்.

மறுநாளே கடைவீதிக்குப் போனார்கள். கூடவே வயர் அண்ணனும் வந்தார். மேடைகளுக்கு ஒலி அமைப்பவர். தோளில் எப்போதும் கேபிள் சுருளோடு திரிவதால் அந்தப் பெயர். சாப்பிடப் போனாலும் சுருளைக் கழற்றமாட்டார். அவளைப் பார்த்ததும், "அஞ்சரை, எப்படிம்மா இருக்கே?" என்று வாய் நிறையக் கேட்டுவிட்டு, கேட்டிருக்கக்கூடாதோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கடையில் விற்பனைக்கு நின்ற இளைஞன், "கேமிங்குக்கா மேடம்?" என்றான்.

"இல்ல, பாட்டுக்கு."

"பாட்டுக் கேக்க இது போதும் மேடம். ஸ்பீக்கர் அட்டகாசமா இருக்கும்."

அவள் ஸ்பீக்கரைப் பார்க்கவே இல்லை. வரிசையாக இருந்த மடிக்கணினிகள் ஒவ்வொன்றின் அடிவயிற்றிலும் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே போனாள். உள்ளே விசிறி ஓடும் இரைச்சல். "இதுக்கு இளைப்பு" என்றாள் ஒன்றைப் பார்த்து. "இதுக்கு ஆஸ்துமா." கடைசியில் ஒரு வெள்ளிநிற மேக் மடிக்கணினியின் மேல் காதை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "இது பேசாமத் தூங்குது." அதற்குள் விசிறியே கிடையாது என்று சிரித்தான் இளைஞன். பக்கத்தில் பிரிண்டர் வாங்க வந்தவரும் சிரித்தார். அவள் கழுத்துக்குள் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது.

ஆனால் பெட்டியைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலைதான். அதில் எந்த சிஸ்டம், அதாவது கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள், ஓடவேண்டும் என்பதுதான் பெரிய பேச்சானது. அறைக்குத் திரும்பி மூவரும் உட்கார்ந்தார்கள். கட்டையை அமுக்குவதற்கும் சத்தம் வருவதற்கும் நடுவே கம்ப்யூட்டர் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும். சத்தத்தைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி அனுப்புவது அதன் வழக்கம். பொட்டலம் பெரிதாக இருந்தால் சத்தம் சுத்தமாக வரும், ஆனால் பிந்தி வரும். பொட்டலத்தைச் சின்னதாக்கினால் உடனே வரும், ஆனால் கம்ப்யூட்டர் திணறினால் நடுநடுவே படபடவென்று வெடிக்கும். மேடையில் பாடுகிறவளுக்கு இரண்டும் ஆகாது.

அவன் லினக்ஸ் பக்கம் நின்றான். "சும்மா கிடைக்குது. ஓசைக்குன்னே அதைச் செதுக்கித் தர்றேன். தேவையில்லாதது ஒண்ணும் உள்ள ஓடாது. நீயா கேட்டாத்தான் மாறும். அப்படியே வெச்சிருந்தா பல வருஷம் கழிச்சுத் திறந்தாலும் வெச்ச இடத்துல வெச்சபடி இருக்கும்." அவன் இத்தனை சொற்களைச் சேர்ந்தாற்போல் பேசி அவள் கேட்டதே இல்லை.

"நான் அதுலதான் ஓட்டறேன்" என்றார் வயர் அண்ணன். "குறையே சொல்லமாட்டேன். ஆனா எனக்கு அதை நோண்டறது பொழுதுபோக்கு. வீட்டுல திட்டு வாங்கிட்டுதான் நோண்டறேன்."

அவள் அவனைப் பார்த்தாள். "ஏதாவது கோளாறு வந்தா?"

"கூப்பிடு. வந்து பாத்துத் தர்றேன்."

"புதுசா ஒரு சத்தம் சேக்கணும்னா?"

"நான் சேத்துத் தர்றேன்."

"வேற கீபோர்டு மாத்தினா?"

"இங்க கொண்டா. ஒருநாள்ல முடிச்சிடலாம்."

"அப்போ கம்ப்யூட்டர் எனக்கு, சாவி உங்களுக்கு."

வயர் அண்ணன் சுருட்டியிருந்த கேபிளை அவிழ்த்து மறுபடி சுருட்டத் தொடங்கினார்.

"அப்படி இல்ல..." என்றான் அவன்.

"கூப்பிடு கூப்பிடுன்னு சொல்றீங்களே. தொண்டையை எடுத்தப்புறம் நான் எப்படிக் கூப்பிடறது?"

லினக்ஸைப் பற்றி அவன் சொன்னது எதுவும் பொய்யில்லை. ஆனால் அதைச் சொல்லும்போதெல்லாம் அவன் மனசுக்குள் ஓடியது வேறு. மாதத்துக்கு ஒருதரம் அவள் படியேறி வருவாள், இந்த நாற்காலியில் உட்காருவாள், அவன் சரிசெய்து முடிக்கும்வரை காத்திருப்பாள். தனக்கே தெரியாமல் அவன் அந்த நாற்காலிக்கும் சேர்த்துத்தான் வாதாடிக்கொண்டிருந்தான். அவளுக்கு மட்டும் அது எப்படியோ தெரிந்துவிட்டது.

"நீயே தனியா ஓட்டணும்னா அந்த வெள்ளிப் பெட்டிதான்" என்றான் கடைசியில். "அதோட வர்ற சிஸ்டமே போதும். நான் வேணாம்."

அதையே வாங்கினார்கள். அவளே பெட்டியைப் பிரித்தாள். மேடையேறுமுன் இணையத்தைத் துண்டிப்பது, தானாகப் புதுப்பித்துக்கொள்வதை நிறுத்துவது, பொட்டலத்தின் அளவை மாற்றுவது எல்லாவற்றையும் அவளே செய்து பழகினாள். அவன் பொறுக்கமாட்டாமல் கையை நீட்டினால், "கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க" என்பாள்.

குரல் பதிவை மதியங்களில் வைத்துக்கொண்டார்கள். டயர்க்கடைக்காரர்கள் சாப்பிடப் போகும் நேரம் அது. சுவரோரம் மெத்தைகளைச் சாய்த்து, ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, நடுவில் மைக்கை நிறுத்தினான். ஒவ்வொரு சுரத்தையும் அவள் 'ஆ' என்று பாடவேண்டும். பிறகு 'ஈ', பிறகு 'ஊ', பிறகு வாயை மூடிக்கொண்டு முனகல். மெதுவாக ஒருமுறை, ஓங்கி ஒருமுறை. வாழ்நாள் முழுக்கப் பாட்டாகவே பாடியவளுக்குத் துண்டு துண்டாகப் பாடுவது உப்புச் சப்பில்லாமல் இருந்தது. "மளிகைக்கடையில பொட்டலம் மடிக்கிற மாதிரி இருக்கு" என்றாள். நடுவில் வலி வந்தால் கையை உயர்த்துவாள். அவன் பதிவை நிறுத்திவிட்டு வெந்நீர் கொடுப்பான். சொட்டுச் சொட்டாக விழுங்குவாள்.

மேல் சுரங்களுக்கு வந்தபோது குரல் உடைந்தது. மறுநாளும் உடைந்தது.

"பரவாயில்ல" என்றான். "கீழ இருக்கிற சுரத்தைக் கம்ப்யூட்டர்லயே இழுத்து மேல வெச்சுடலாம். யாருக்கும் தெரியாது."

"வேணாம். அந்தக் கட்டைங்க காலியாவே இருக்கட்டும். வராததை வந்த மாதிரி காட்டாதீங்க."

கடைசி நாள் பதிவு முடிந்தபின் அவன் மைக்கை அணைக்காமல் நின்றான். "ரெண்டு வார்த்தை பேசியும் வெச்சுக்கலாமா? வா, போ, சாப்பிட்டியா... அந்த மாதிரி. வீட்டுல உதவும்."

"பேச்சு வேணாம். வீட்டுல எழுதிக் காட்டிக்கறேன். நமக்குள்ள பேச்சு எப்பவோ நின்னுபோச்சு, அதைப் போய் எதுக்கு ரெக்கார்டு பண்ணிக்கிட்டு" என்று சொல்லி, கம்பளியை ஜன்னலிலிருந்து அவளே இறக்கி மடித்து வைத்துவிட்டுப் போனாள்.

ஆபரேஷன் அன்று அவன் ஆஸ்பத்திரி வராந்தாவில், அவளுடைய அக்காவுக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தான். முன்பு 'மாப்பிள்ளை' என்று கூப்பிட்டவர் அந்த அக்கா. இப்போது "தம்பி, ஏதாவது சாப்பிட்டு வாங்க" என்றார். அவன் போகவில்லை.

அவள் பிழைத்தாள். கழுத்தின் அடியில் ஒரு துளை, அதன் வழியாகத்தான் மூச்சு. ஆஸ்பத்திரியில் கொடுத்த, கழுத்தில் வைத்துப் பேசும் கருவியை ஒரே ஒருமுறை முயன்று பார்த்தாள். தகர டப்பா பேசுவதுபோல் வந்த சத்தத்தைக் கேட்டு அதை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். பேச வேண்டியதையெல்லாம் ஃபோனில் தட்டிக் காட்டினாள்.

புண் ஆறியபின் பயிற்சி தொடங்கியது. அவன் கேபிள்களை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனான். அக்கா கதவைத் திறந்ததுமே அழுதார். "அடுப்புல பால் பொங்கிக் கருகிக் கெடக்கு தம்பி. பக்கத்துலயே உக்காந்திருக்கா. வாசனை தெரியலையாம். மூக்கு வழியா மூச்சுப் போனாத்தானே வாசனை."

உள்ளே அவள் கீபோர்டின் முன் உட்கார்ந்திருந்தாள். ஒரு கட்டையை அமுக்கினாள். அவள் குரல் வந்தது. அக்கா சமையலறை வாசலிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. மறுபடி மறுபடி அதே கட்டையை அமுக்கினாள். பிறகு ஃபோனில் தட்டிக் காட்டினாள்: "லேட்டா வருது."

அந்தத் தாமதம் அவனுக்குக் கேட்கவே இல்லை. அளந்து பார்த்தான், இருந்தது, கண் இமைப்பதற்கும் குறைவாக. பொட்டலத்தைச் சின்னதாக்கினான், போதவில்லை என்றாள். இன்னும் சின்னதாக்கினான், குரல் பொரிந்தது. உள்ளே தேவையில்லாமல் ஓடிய எதிரொலி, பளபளப்பு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, குரல் வெறுங்குரலாக நிற்கும்வரை குறைத்தான். அப்போது சரி என்று தலையசைத்தாள்.

ஒரு பழைய பாட்டை முழுதாக வாசித்துப் பார்த்துவிட்டு மறுபடி ஃபோனை எடுத்தாள். "மூச்சு எங்கே?"

"என்ன மூச்சு?"

"வரிக்கு வரி நான் மூச்சு இழுப்பேன். அது எங்கே?"

அவன் விக்கித்துப்போனான். பதிவுகளை வெட்டும்போது எல்லா மூச்சையும் துடைத்திருந்தான். எந்தப் பாடகிக்கும் அப்படித்தான் செய்வான். தொழிலில் அது சுத்தம். சுரம் தொடங்கும் இடத்தில் கத்தி வைத்தாற்போல் நறுக்கியிருந்தான். மூச்சே விடாத அந்தக் குரல் வரிக்கு வரி தலைமேல் ஏறிக்கொண்டே போனது, எங்கேயும் இறங்கவில்லை.

நல்லவேளையாக, வெட்டாத பதிவுகள் அவன் அறையில் இருந்த கம்ப்யூட்டரில் இருந்தன. அன்று முழுக்க உட்கார்ந்து அவற்றிலிருந்து மூச்சுகளை மட்டும் பொறுக்கினான். நீண்ட மூச்சு, அவசர மூச்சு, வலியோடு இழுத்த மூச்சு, சிரிப்பை அடக்கிக்கொண்டு இழுத்த ஒன்று. பொறுக்கப் பொறுக்க அவனுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவன் அவள் பாட்டைக் கேட்டிருந்தான், இதைக் கேட்டதில்லை. கீபோர்டின் இடதுகோடியில் ஒரு கட்டைக்குள் அவற்றை வைத்தான். ஒவ்வொரு முறை அமுக்கும்போதும் வேறு ஒரு மூச்சு வரும்.

அவள் அந்தக் கட்டையை அமுக்கினாள், பிறகு வரியைத் தொடங்கினாள். வாசித்து முடித்ததும் அவன் கையை ஒருமுறை தொட்டாள். அவ்வளவுதான்.

பழைய குழுவின் தலைவர் ஒரு பள்ளிக்கூட அரங்கில் நடந்த கச்சேரியில் அவளுக்கு ஒரு பாட்டு ஒதுக்கினார். வயர் அண்ணன்தான் ஒலி. அவன் மேடையோரம் கேபிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். அறிவிப்பாளர் ஏதோ விவரம் சொன்னார், ஆனால் கூட்டம் இடம் பிடிப்பதிலும் ஃபோனிலும் இருந்தது. கழுத்தில் மெல்லிய துணியைச் சுற்றிக்கொண்டு அவள் வந்து உட்கார்ந்தாள். மூச்சு. பிறகு முதல் வரி.

நன்றாகத்தான் போனது. கம்ப்யூட்டர் ஒரு குறையும் வைக்கவில்லை. இரண்டாவது சரணம் தொடங்கும்போது முன்வரிசையில் ஒருவர் பக்கத்து ஆளிடம் சொன்னார்: "ரெக்கார்டைப் போட்டுட்டுச் சும்மா கையை ஆட்டறாங்கப்பா." மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அவளுக்குக் காது கூர்மை. பின்னாலிருந்து ஒரு குரல், "பாடறவங்க எங்க?" என்றது. ஒரு சிரிப்பும் கேட்டது.

அவள் இரண்டு கையையும் தூக்கினாள். குரல் பாதி வரியில் அறுந்தது. கையைத் தூக்கியபடியே கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு கழுத்துத் துணியை அவிழ்த்தாள்.

அரங்கம் அடங்கிப்போயிற்று. யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். எல்லாரும் எழுந்து நின்றார்கள். கைதட்டல் ஓயவே இல்லை, முன்வரிசைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினார். அவள் வாழ்க்கையில் அதற்கு முன் எந்தப் பாட்டுக்கும் அத்தனை கைதட்டு விழுந்ததில்லை. அது பாட்டுக்கு விழவில்லை என்று அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அவள் பாட்டை முடிக்காமலேயே மடிக்கணினியை மூடினாள்.

வேனில் திரும்பும்போது ஃபோனில் ஒரே வரி தட்டிக் காட்டினாள். "பொய்னு சொன்னவங்களே தேவலை."

அதற்குப்பின் அவள் மேடை ஏறவில்லை. அவன் அறையில் வேலை ஓடவில்லை. அவளுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. பேசத் தெரியாதவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். புதிதாக ஒரு மெட்டுப் போட்டான். தன்னிடம் இருந்த பதிவுகளைக் கொண்டு அதை அவள் குரலில் பாடவைத்தான். அவள் இதுவரை பாடாத மெட்டு. உச்சத்தில் அந்த மெட்டு அவள் எட்டமுடியாமல் விட்ட சுரத்தைக் கேட்டது. கீழிருந்து இழுத்து மேலே வைத்தான். அழகாக உட்கார்ந்தது. கேட்டுக் கேட்டு அழுதான். அவளும் கேட்டால் அழுவாள், அழுதால் கொஞ்சம் இறங்கும் என்று நினைத்து அனுப்பினான்.

மறுநாள் காலை அவளே வந்தாள். படியேறி வந்ததில் கழுத்துத் துணி ஏறி ஏறி இறங்கியது. உட்காரவில்லை. வரும்போதே தட்டி வைத்திருந்ததை நீட்டினாள்.

"அந்த மேல் சுரம் நான் பாடலையே."

"உனக்காகத்தான்..."

அவள் ஃபோனைப் பிடுங்கி மறுபடி தட்டினாள். "நல்லா இருக்கு. அதுதான் பயமா இருக்கு. நான் பாடாததை என் குரல் பாடுது. நான் இல்லாமலே இனிமே நல்லாவே பாடும்."

"தப்பா எடுத்துக்காத. யாருக்கும் குடுக்கமாட்டேன்."

"அழிச்சிடுங்க. வெட்டாததையும் சேத்து. என் பெட்டியில இருக்கிறதை நான் அழிச்சுட்டேன்."

கீழே டயர்க்கடையில் காற்றடிக்கும் எந்திரம் உறுமி ஓய்ந்தது. அவனுக்கு ஆயிரம் வழி தெரியும். அழித்த மாதிரி காட்டிவிட்டு வேறெங்காவது ஒரு பிரதியை வைக்கலாம். அவளுக்குத் தெரியவே போவதில்லை. அவன் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். அவள் திரையைப் பார்க்காமல் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொரு கோப்பாக எடுத்தான். 'ஆ'க்கள், 'ஈ'க்கள், 'ஊ'க்கள், முனகல்கள், மூச்சுகள். புது மெட்டு. தனியாகப் பிரதியெடுத்துப் பூட்டி வைத்திருந்த பென்டிரைவையும் இழுப்பறையிலிருந்து எடுத்துச் செருகினான். அப்படி ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. நிச்சயமாக அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆமாம் என்று சொன்னான். மறுபடி கேட்டது. மறுபடியும் சொன்னான்.

எல்லாம் முடிந்ததும் அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். தோள் குலுங்கியது. அழுகைக்குச் சத்தமில்லை. கழுத்துத் துணிக்குள் காற்று மட்டும் புஸ்ஸென்று போய் வந்தது. அவன் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றான், தொடவில்லை. போகும்போது படியில் அவளுக்கு முன்னால் இறங்கி, டயர்களை ஒதுக்கி வழி செய்து கொடுத்தான்.

வெள்ளிப் பெட்டியை அவள் விற்கவில்லை. ஒரு நடனப் பள்ளியில் குழந்தைகளின் வகுப்புக்கு அதை வைத்து வாசிக்கப் போகிறாள் என்று வயர் அண்ணன் சொன்னார். வயலினும் புல்லாங்குழலும் மட்டும்தான். குழந்தைகள் 'பேசாத மிஸ்' என்று கூப்பிடுகிறார்களாம். "அஞ்சரை ஒரு சந்தேகம்கூடக் கேக்கமாட்டேங்குது. எல்லாம் தானே பண்ணிக்குது" என்றார் பெருமையாக. அவன் "நல்லது" என்றான். நல்லதுதான். அதற்காகத்தானே அந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுத்தான். ஆனாலும் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு மாலையில் அவளுக்கு ஃபோன் செய்தான். மணி அடிக்கத் தொடங்கியபின்தான், பேசமுடியாதவளுக்குப் போய் அடிக்கிறோமே என்று உறைத்தது. துண்டிக்கப் போனான். அதற்குள் எடுத்துவிட்டாள்.

"நான்தான்" என்றான்.

அந்தப் பக்கம் டி.வி. ஓடியது. பாத்திரம் விழும் சத்தம் கேட்டது.

"ஒண்ணுமில்ல. சும்மாதான்." வழக்கமாக அவன் அதோடு நிறுத்திவிடுவான், மிச்சத்தை அவள் பேசுவாள். இப்போது அந்தப் பக்கமிருந்து எதுவும் வராது. அவன் மேலே பேசினான். "அன்னிக்கு மேடையில நீ கையைத் தூக்கினப்போ நான் வந்து பக்கத்துல நின்னிருக்கணும். கேபிளைப் புடிச்சுக்கிட்டு நின்னுட்டேன். அதைச் சொல்லணும்னு இருந்துச்சு."

தூரத்தில் அக்காவின் குரல் கேட்டது. "யாருடி ஃபோன்ல? இவ்ளோ நேரமாக் காதுலயே வெச்சுக்கிட்டு இருக்கே?"

அவள் வைக்கவில்லை. அவன் ஜன்னலருகே போய் நின்றுகொண்டு, மழை வருகிற மாதிரி இருக்கிறது என்றான். மொட்டைமாடியில் துணி காய்கிறது, போய் எடுக்கவேண்டும் என்றான். எடுக்கப் போகாமல், இன்றைக்கு என்ன சமைத்தான், எதில் உப்பு அதிகமாகப் போட்டுவிட்டான் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தான்.